தையல்நாயகி வைத்த மத்திக் குழம்பு

கடல் ஊருக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பத்தோராம் நாள், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, கோரைமேட்டில் வீடுகள் இருந்து இல்லாமல் போன நாற்பத்து மூன்று மனைகளிலிருந்தும் குழம்பு வாசனை எழுந்தது. அடுப்பு இல்லை, சட்டி இல்லை, வைத்தவளும் இல்லை, வாசனை மட்டும் வந்தது. அந்தந்த மனையில் அந்தந்த வீட்டுக்காரி அன்று காலையில் மத்தியானச் சோற்றுக்கென்று அடுப்பில் ஏற்றி, இறக்காமல் விட்டுப்போன குழம்பின் வாசனை. ஒரு மனையில் இறால் தொக்கு, பக்கத்து மனையில் முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, அதற்கும் அடுத்ததில் புருஷன் இரண்டு நாளாகத் தொழிலுக்குப் போகாததால் மீனுக்கு வழியில்லாமல் ஒருத்தி வைத்த வெறும் மிளகு ரசம். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிற சிங்காரவேலுவின் மனையில் மட்டும் அடிப்பிடித்த சோற்று நாற்றம் வந்தது, ஏனென்றால் அன்று காலையிலும் அவன் அடித்திருந்தான், அவள் அடுப்பை மறந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் குடித்தான்.

முதல் நாள் ஊரே ஓடிப்போய் மாரியம்மன் கோயிலில் ஒண்டிக்கொண்டது. இரண்டாம் நாள் பூசாரி வேப்பிலையோடு வந்தார், பாதி மந்திரத்தில் வாயில் எச்சில் ஊறி மந்திரம் குழறியதால் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் ஓர் அதிகாரி வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, எதை எழுதுவதென்று தெரியாமல் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒன்பதாம் நாள் பசி ஜெயித்தது. நிவாரண முகாமில் போட்ட சாம்பார் சாதத்தைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த ஒருவன் தூக்குச்சட்டியில் வெறுஞ்சோற்றை எடுத்துக்கொண்டு போய்த் தன் மனையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் வாசனையைத் தொட்டுக்கொண்டு தின்றுவிட்டு வந்தான். மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஊரில் இருந்த அத்தனை சோற்றுப் பாத்திரமும் மனைகளைப் பார்த்து நடந்தன.

பிறகு அது வழக்கமாகிவிட்டது, வழக்கமாகிவிட்டதற்குச் சட்டதிட்டங்களும் வந்துவிட்டன. அடுத்தவர் மனையில் போய் உட்காரக் கூடாது. உட்காருமுன் வாய் கொப்பளிக்க வேண்டும், பீடி பற்ற வைக்கக் கூடாது. இரண்டாங்கல்யாணம் செய்துகொண்டவர்கள் மத்தியானமானால் மூத்தவளின் வாசனைக்கு ஓடுகிறார்கள் என்று இளையவர்கள் பஞ்சாயத்தில் மூக்கைச் சிந்தியபோது, இளையவளும் கூடப் போய் உட்காரலாம், ஆனால் குறை சொல்லக் கூடாது என்று தீர்ப்பானது. ஊருக்குள்ளேயே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன்னால் அவள் அம்மாவின் மனையை ஒரு நடை மோந்து பார்த்துவிட்டு வந்தார்கள். வெளியூர்க்காரர்களிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், வருகிறவர்கள் சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள், அப்புறம் எதை மோப்பது?

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது, அதை ஊர் ஒரு சாவைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது: மனையில் அடுப்பு மூட்டக் கூடாது. எழிலரசன் என்பவன் ஒரு மழை நாளில் தன் அம்மாவின் மனையில் நான்கு கொட்டாங்கச்சியைக் கொளுத்தி, இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தான். டீ கொதித்தது, அம்மாவின் இறால் தொக்கு போய்விட்டது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. புது வாசனை ஏறிய இடத்துக்குப் பழையது திரும்புவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உடம்பு கிடைக்காமலே போன அவளுக்கு இன்றைக்குத்தான் சாவு என்று ஊர் கூடி முடிவு செய்து, சங்கு ஊதி, மாரடித்து அழுது, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் செய்தார்கள். அன்றிலிருந்து கோரைமேட்டில் வாசனை போனால்தான் சாவு. அதுவரைக்கும் யாரையும் செத்துப்போனாள் என்று சொல்வதில்லை, வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

பக்கிரிசாமியின் மனைவி தையல்நாயகி அப்படிப் பத்தொன்பது வருஷமாக வீட்டில் இருந்தாள். அவள் அன்று வைத்தது மத்திக் குழம்பு. பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, மல்லியைக் கொஞ்சம் தூக்கலாக அரைத்து விட்டு, சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகப் போட்டு, இறக்குகிற நேரத்தில் நல்லெண்ணெயில் வடகத்தைப் பொரித்துக் கொட்டுவாள். அந்த வடகத்தைக் கோடையில் அவளே உருட்டிக் காய வைப்பாள், அதில் மற்றவர்கள் போடுவதைப்போல இரண்டு மடங்கு பூண்டு போடுவாள், ஏன் என்று கேட்டால் என் கை அப்படி என்பாள். அலை வாரிக்கொண்டு போனதில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. வருஷம் ஆக ஆக அவள் முகமே பக்கிரிசாமிக்கு ஓரங்களில் நைந்துகொண்டு வந்தது, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சில நாள் சந்தேகம் வந்துவிடும். ஆனால் பன்னிரண்டரைக்கு வடகம் பொரிகிற வாசனை வந்துவிட்டால் அவள் முழுசாக வந்துவிடுவாள், கோபம் உட்பட. அன்று மாமன் வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்த மகள் மங்கையை ஆறு வயதிலிருந்து அந்த வாசனையைக் காட்டித்தான் வளர்த்தார். காரைக்காலில் கட்டிக் கொடுத்த பிறகும் அவள் மாதம் ஒரு தடவை ஒரு டப்பா வெறுஞ்சோற்றோடு பஸ் ஏறி வருவாள்.

அவருடைய வீட்டில் அடுப்படியின் மூன்று சுவரும் ஒரு மண்ணடுப்பும்தான் மிஞ்சியிருந்தன. அதற்கு மேல் கீற்றுப் போட்டார், முன்னால் ஓர் ஓட்டு அறை கட்டினார். அடுப்படிக்குக் கதவும் வைத்துப் பார்த்தார். வாசனை உள்ளேயே மூச்சுமுட்டிக் கிடந்ததால் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டார். இத்தனை செய்தும் இரண்டு வருஷமாக வாசனை மெலிந்தது. முதலில் மல்லி போயிற்று, பிறகு வெங்காயம் போயிற்று, சில நாள் வடகம் மட்டும் நாலு தெரு தள்ளி எங்கோ பொரிவதைப்போல் வந்தது. ஆள் புழங்காத மனையில் வாசனை நிற்பதில்லை என்று ஊர் அதற்குள் கண்டுபிடித்திருந்தது. நாற்பத்து மூன்றில் பதினேழுதான் மிச்சமிருந்தன. ஒற்றை ஆள் எவ்வளவு புழங்க முடியும், தனக்குத்தானே எவ்வளவு சிரிக்க முடியும்? மங்கையின் புருஷன் அந்த அறையைக் கடலோரத் தங்கும் வீடு என்று செல்போனில் போட்டுவிட்டான். முதலில் வந்த புதுக் கல்யாண ஜோடி இரண்டு நாள் சிரித்துவிட்டுப் போனது, வெங்காயம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பக்கிரிசாமி சோறு இறங்குவதற்காக விருந்தாளிகளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்.

பெருந்துறைப் பக்கமிருந்து தனபாலும் வசுமதியும் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஊரைவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அவன் கட்டட மேஸ்திரி, அவள் பனியன் கம்பெனியில் மிஷின் தைக்கிறவள், முப்பத்தாறு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஒரு பையில் துணிமணி, மற்ற மூன்று பையிலும் குண்டா, கரண்டி, தேங்காய், வீட்டில் அரைத்த மசால் பொடி. ஓட்டல் சோறு அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பையிலிருந்து எட்டிப் பார்த்த கரண்டிக் காம்பைக் கண்டதும் பக்கிரிசாமி முந்திக்கொண்டார்.

"தம்பி, பின்னால அடுப்படிப் பக்கம் மட்டும் போவாதீங்க. செவுரு பழசு, எப்ப வேணா சரிஞ்சுரும். பொங்கணும்னா கடக்கரையில மூணு கல்லக் கூட்டிப் பொங்கிக்குங்க, வெறவு நான் தாரேன்" என்றார்.

"அதுக்கென்னுங்கண்ணா, கடலப் பாத்துக்கிட்டே ஆக்கித் தின்னா இன்னும் ருசியாத்தானுங்க இருக்கும்" என்றாள் வசுமதி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இதற்கு முன் வந்த ஆறு ஜோடிகளுக்கும் இதே பொய்யைத்தான் சொன்னார், அவர்களும் தலையாட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவனும் மேஸ்திரி இல்லை.

புதன்கிழமை காலையில் இருவரும் கடலில் இறங்கினார்கள். படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பக்கிரிசாமி அதை முழுசாகப் பார்த்தார். முதல் அலை காலைத் தொட்டதும் வசுமதி, "ஐயோ மாமா, காலுக்கடியில மண்ணு ஓடுதுங்க, என்னைய இழுக்குதுங்க" என்று கத்திப் புருஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் பயம் தெளிந்து அவனையே பிடித்துத் தள்ளினாள். தனபாலின் கைலிக்குள் தண்ணீரும் காற்றும் புகுந்து உப்பிக்கொள்ள, அவன் மானத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தத்தளித்தான், அவள் ஈர மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவனைக் கழுத்துவரை மணலில் புதைத்து, வாயில் மாங்காய்க் கீற்றை ஊட்டிவிட்டாள். நண்டு துரத்தினார்கள். வெந்த கடலையைத் தின்றுவிட்டு ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்துக் கொஞ்ச நேரம் தூங்கினார்கள். இதே கடல்தான், இதே இடந்தான் என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது. அவர்கள்மேல் அவருக்குப் பொறாமை இல்லை, கடலைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அஞ்சலை. அவளுடைய மனை பக்கிரிசாமி மனைக்கு அடுத்தது. அதில் வருவது அவள் மாமியாரின் வாசனை, அதனால் அவள் தினமும் மத்தியானம் அந்த வாசனையோடு சண்டை போட்டுக்கொண்டே தின்பாள்.

"அந்தப் பொண்ணு சிரிக்கிறதப் பாரு. இன்னைக்கு ஒன் வூட்டுக் கொழம்பு ஊரத் தூக்கப் போவுது அண்ணே" என்றாள்.

தூக்கத்தான் செய்தது. பன்னிரண்டரைக்கு அடுப்படி வாசலில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தவருக்கு மல்லி வந்தது, வெங்காயம் வந்தது, புளி கொதித்து அடங்குகிற வாசனை வந்தது, கடைசியில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பூண்டோடு வடகம் பொரிந்தது. அவள் மூக்குத்தி இடது பக்கம். சந்தேகமே இல்லை, இடது பக்கம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறுஞ்சோற்றைப் பிசைந்து வாயில் வைத்த நேரத்தில் ஈரத் துணியோடு இருவரும் கொல்லைப் பக்கம் கால் கழுவ வந்தார்கள்.

"யாரு வீட்டுலங்கண்ணா இப்பிடி மீன் கொழம்பு வெக்கறாங்க? வாசம் ஆளயே தூக்குது" என்று கேட்டாள் வசுமதி.

அவருக்குச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷத்தில் வெளியாள் ஒருத்தி தையல்நாயகியின் கையைப் பாராட்டுவது அதுதான் முதல் தடவை. என் சம்சாரம்தான் தாயி, என்று நாக்கு நுனிவரை வந்தது. ஊர்க் கட்டுப்பாடு நினைவுக்கு வந்து, "பக்கத்துல யாரோ வைக்கிறாங்க" என்றார்.

வசுமதியின் பார்வை அவர் தட்டில் விழுந்தது. வெறுஞ்சோறு, ஓரத்தில் உப்புகூட இல்லை.

"ஏனுங்கண்ணா வெறுஞ்சோத்தத் திங்கறீங்க? பக்கத்துல இத்தன வாசமா ஆக்கறவங்க ஒரு கரண்டி ஊத்த மாட்டாங்களா?"

"எனக்கு இதுவே போதும்மா."

அறைக்குள் போன பிறகு புருஷனிடம், "மனசே சரியில்லைங்க மாமா. எத்தன பெரிய மனுசன், செவுத்தப் பாத்துக்கிட்டு வெறுஞ்சோறு திங்கறாரு" என்று அவள் சொன்னது ஓட்டுக் கூரை வழியாக அவர் காதில் விழுந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அதிலிருந்து என்ன வரும் என்று அவர் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர்கள் படகிலிருந்து நேராக ஒரு கூடைச் சங்கரா மீன் வாங்கினார்கள். எங்கே பொங்கப் போகிறீர்கள் என்று அஞ்சலை கேட்டதற்கு, கடற்கரையில்தான் என்று மூன்று கல்லையும் காட்டினார்கள். அவள் நிம்மதியாகப் போனாள். பக்கிரிசாமி குளிக்கவும் சோறு வடிக்கவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் கட்டிக் கொடுத்திருந்த காலனி வீட்டுக்குப் போனார். பதினோரு மணிக்குக் காற்று திரும்பி, மணலை வாரி இறைத்து, மூட்டிய நெருப்பை ஊதி அணைத்து, குண்டாவுக்குள்ளும் ஒரு பிடி மண்ணைப் போட்டது. தனபால் அடுப்படிக்குள் போனான். சுவரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான், தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான், ஒரு கண்ணை மூடி, சுவர் சாயாமல் நேராக நிற்கிறதா என்று தூக்குப் பார்த்தான். "அம்மணி, செவுரு கல்லாட்டம் நிக்குது. அண்ணன் சும்மா பயந்துக்கறாரு, இன்னும் அம்பது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். அப்படியானால் அண்ணன் வருவதற்குள் ஆக்கி வைத்து அசத்திவிடலாம் என்று அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இதையெல்லாம் பிறகு வசுமதியே அவருக்குச் சொன்னாள், ஒரு சந்தோஷ சமாசாரமாக.

ரோட்டைத் தாண்டும்போதே கீற்றின் மேல் புகையைப் பார்த்துவிட்டார். அது தன் வீட்டுக் கூரை இல்லை என்று பத்தடி தூரம் தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தார், அதற்குப் பிறகு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், கையில் தூக்குச்சட்டியோடு, மணலில் கால் புதையப் புதைய ஓடினார். வேலிக்கு வெளியே நின்றபோதே மூக்கில் ஏறியது: வதங்கிய தேங்காய், சோம்பு, கசகசா, கறிவேப்பிலை. நல்ல வாசனை, அதுதான் கொடுமை. அடுப்பில் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நெருப்பு எரிந்தது. அந்த நெருப்புக்குப் பின்னால் சுவரில் புதுக் கரி ஏறியிருந்தது.

மணி பன்னிரண்டரை ஆயிற்று. அவர் நின்றார். பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. மல்லி வரவில்லை, புளி வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலையின் மாமியாருடைய கருவாட்டுக் குழம்பு எப்போதும்போல் வந்தது, அதற்கும் அப்பால் யாரோ ஒருத்தியின் ரசம் வந்தது, அவர் மனையில் சங்கரா மீன் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணா, வாங்க! உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கறோம். இன்னைக்கு வெறுஞ்சோறு திங்க உட மாட்டேனுங்க" என்றாள் வசுமதி.

வேலியைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைந்தவருக்குக் கொலைவெறி வந்தது. குண்டாவை அப்படியே தூக்கி அந்த இருவர் தலையிலும் கவிழ்த்துவிட வேண்டும் என்று கை நீண்டது. வசுமதி அந்தக் கையில் தட்டைக் கொடுத்தாள். அவள் நெற்றியில் வியர்வை, கன்னத்தில் ஒரு கோடு சாம்பல். ஆக்கிவிட்டுத் தின்கிறவன் முகத்தைப் பார்ப்பதற்காக நிற்கிற ஒரு பெண்பிள்ளையின் முகம். அப்படி ஒரு முகம் அவர் முன்னால் நின்று பத்தொன்பது வருஷமாகிறது. அவர் உட்கார்ந்தார்.

அவர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோற்றையே அவள் தட்டில் கொட்டி, அதன்மேல் குழம்பை ஊற்றினாள். அவர் பிசைந்து வாயில் வைத்தார். அந்த நேரம் புகையைப் பார்த்துவிட்டு மனைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எச்சில் கையோடு எழுந்து வந்து வேலியோரம் நின்றார்கள். அஞ்சலை முடியைக்கூட அள்ளி முடியாமல், "அடிப்பாவி..." என்று ஆரம்பித்தாள். பக்கிரிசாமி வாயில் சோற்றோடு இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உப்பு, ஒறப்பு எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"இருக்கும்மா."

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

முதல் வாய்க்கு அவர் தையல்நாயகியின் குழம்பை நினைவில் பிடித்து வைத்துக்கொண்டுதான் விழுங்கினார். இரண்டாவதிலும் பிடித்து வைத்தார். பத்தொன்பது வருஷமாக வெறுஞ்சோற்றைத் தவிர வேறு காணாத நாக்கு, பாவி நாக்கு, ஐந்தாவது வாய்க்குள் தேங்காய்க்கும் சோம்புக்கும் பழகிவிட்டது. பூண்டு அவள் எவ்வளவு போடுவாள் என்று யோசித்தார். இரண்டு மடங்கு என்ற வார்த்தை ஞாபகம் இருந்தது, பூண்டின் வாசனை ஞாபகம் இல்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லாருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

படகோரம் ஊர் கூடிவிட்டது. அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"பொணம் வுழுந்துருக்கு. சங்கு ஊத வேணாமா? நாங்க அழுவ வேணாமா? அதுங்களக் கூப்ட்டு நாலு கேள்வி கேக்க வேணாமா அண்ணே?"

"என்னான்னு கேப்ப? பாவப்பட்டு எனக்குச் சோறு போட்டுச்சு அந்தப் பொண்ணு. தெரிஞ்சா ஆயுசுக்கும் அடுப்புப் பத்த வைக்காது. பொய் சொன்னது நான், அது இல்ல."

"அதுக்காவ?"

"நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸுல போறாங்க. பஸ் ஏத்திவுட்டுட்டு அழுவோம்."

"அதுவரைக்கும் தையலு இப்படியே அழுவ ஆளில்லாமக் கெடக்குறதா?"

"பத்தொம்பது வருசம் கெடந்தவ. இன்னும் ஒரு பொழுது கெடப்பா."

சாவுக்கு அழாமல் இருப்பது பாவமா, விருந்தாளியை அழ வைப்பது பாவமா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. எழிலரசன் அன்று டீ வைத்தபோது அவனை அவன் அம்மாவின் பேரைச் சொல்லியே ஊர் ஏசியதையும், ஏச்சுத் தாங்காமல் அவன் ஊரைவிட்டே போனதையும் யாரோ எடுத்துச் சொன்னார்கள். அதோடு வாக்குவாதம் முடிந்தது. சங்கு ஊதுகிறவன் சங்கைத் துண்டில் சுற்றி வைத்தான், பறையைக் காய்ச்ச மூட்டிய நெருப்பை மண் போட்டு அணைத்தார்கள், பெண்கள் அவிழ்த்த முடியைத் திரும்ப முடிந்துகொண்டார்கள். சாயங்காலம் தனபாலும் வசுமதியும் மறுபடி கடற்கரைக்கு வந்து காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அழுகையை முந்தானைக்குள் அமுக்கி வைத்திருந்த அத்தனை பேரும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அஞ்சலைகூட வசுமதிக்குத் தலை பின்னிவிட்டாள்.

"இப்பிடி ஒரு ஊரு ஜனத்த நான் எங்கயும் பாத்ததில்லைங்க மாமா" என்று வசுமதி புருஷனிடம் சொன்னாள். அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் நிற்கிற இடத்தில் ஊரே நின்றது. தங்களை வழியனுப்பத்தான் இத்தனை பேர் என்று அந்த இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. வசுமதி மிச்சமிருந்த மசால் பொடியைப் பக்கிரிசாமி கையில் கொடுத்து, "ரெண்டு கரண்டி போதுமுங்கண்ணா, எண்ணெயில வதக்கிப் போட்டீங்கன்னா நேத்து மாதிரியே வரும். இனி வெறுஞ்சோறு திங்கக் கூடாது, சொல்லிப்போட்டேன். அடுத்த வருசம் ஒரு வாரம் வந்து இருந்து ஆக்கிப் போடறோமுங்க" என்றாள்.

"வாங்க தாயி" என்றார் பக்கிரிசாமி.

பஸ் மதகைத் தாண்டி, சவுக்குத் தோப்பில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் முழுசாக அடங்குகிறவரை எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிறகு அஞ்சலை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அறைந்தாள், அடுத்தவள் அறைந்தாள், நேற்று மத்தியானத்திலிருந்து தொண்டையில் அடைத்து வைத்திருந்த அழுகை அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பியது, அதற்கு மேல் சங்கு ஊதியது. பெண்கள் தையலு, தையலு என்று பேர் சொல்லி அழுதார்கள். பக்கிரிசாமிக்கு அழுகை வரவில்லை. கூட்டத்தைவிட்டு விலகி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, காரைக்காலுக்குப் போன் போட்டார்.

"மங்கை, அம்மா எறந்துட்டா தாயி. கெளம்பி வா."

"எப்பப்பா?"

"நேத்து. சோத்து வேளையில."

"நேத்தா?" மகளின் குரல் உடைந்தது. "நேத்து மத்தியானத்துலேருந்து எங்கம்மாவ அழுவ ஆளில்லாமப் போட்டு வச்சிருந்தியாப்பா? ஏம்ப்பா ஒடனே சொல்லல?"

"வூட்டுல விருந்தாளி இருந்தாங்க தாயி" என்றார்.